கபேயில் லேப்டாப்போடு உட்காருகிறீர்களா? வட சென்னைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வொர்க் ஃப்ரம் ஹோம் என்று பேர்தான். தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு சந்துக்குள், இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது அதில் ஹோம் மட்டும்தான் இருக்கும், வொர்க்குக்கு இடம் இருக்காது. மோட்டார் சத்தம், டிவி, பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து, நடுவில் கேஸ் சிலிண்டர்காரர் வேறு. அதனால்தான் கபே. முன்பெல்லாம் இதற்கு அண்ணா நகர், நுங்கம்பாக்கம் என்று கிளம்ப வேண்டும், இப்போது பெரம்பூர், கொளத்தூர், ராயபுரம் பக்கமே ஏசியும் ப்ளக் பாயிண்ட்டும் வைத்த கடைகள் வந்துவிட்டன. நல்ல விஷயம். ஆனால் அங்கே போய் உட்கார்ந்து ஒரு வேலையும் ஓடவில்லை என்று புலம்புகிறவர்களைக் கவனித்தால், கோளாறு பெரும்பாலும் கடையில் இல்லை. எந்த வேலையைக் கடைக்கு எடுத்துப் போகலாம், எதை எடுத்துப் போகக்கூடாது என்று அவர்கள் பிரிக்கவே இல்லை.

புரோகிராம் கோடு எழுதுவது, டிசைன், எக்செல், மொழிபெயர்ப்பு, மெயிலுக்குப் பதில் போடுவது இதெல்லாம் கபே வேலை. பாதியில் கரண்ட் போனாலும், பக்கத்து டேபிளில் யாராவது பிறந்தநாள் கேக் வெட்டினாலும் தாங்கும். கிளையன்ட் கால், இன்டர்வியூ, டெமோ இதெல்லாம் தாங்காது. இன்டர்வியூவைக் கபேயில் வைத்துக்கொள்வது சுத்தமான கிறுக்குத்தனம் என்பது என் கட்சி. எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பதிலைவிட மிக்ஸி சத்தம்தான் நன்றாகக் கேட்கும்.

இதில் மெடிக்கல் பில்லிங், ஏஆர் காலிங் (வராத பில் பணத்துக்காக அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போடும் வேலை) செய்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னையில் இந்த வேலையில் இருப்பவர்கள் ஏராளம். திரையில் ஓடுவது அமெரிக்க நோயாளியின் பெயர், பிறந்த தேதி, இன்சூரன்ஸ் எண், என்ன நோய் என்பது வரை. 1996-இல் அங்கே வந்த ஹிப்பா சட்டத்தின் விதிகள் இந்தத் தகவல்களைக் காக்கச் சொல்கின்றன. இங்கும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் அதை வேண்டுமென்று படிக்கத் தேவையில்லை, படிக்கும்படி வைத்திருப்பதே தவறு. ‘யாருக்கு இங்க அது புரியப் போகுது’ என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள், உங்கள் ஆபீஸ் ஆடிட் அப்படிச் சொல்லாது. சுவரை ஒட்டி முதுகு வைத்து உட்காருங்கள், பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்குத் திரை தெரியாமல் மறைக்கும் பிரைவசி ஸ்க்ரீன் ஒன்று ஒட்டுங்கள், பெயரையும் எண்ணையும் வாய்விட்டுப் படிக்க வேண்டிய கால் என்றால் அன்றைக்குக் கபேயை மறந்துவிடுங்கள்.

அடுத்தது வைஃபை. ‘ஃப்ரீ வைஃபை’ போர்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடுங்கள். பெரும்பாலும் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், கீழே பஃப்ஸ் சூடு பண்ணும் மைக்ரோவேவ் இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. அதனால் யாராவது பஃப்ஸ் கேட்கும் போதெல்லாம் உங்கள் கால் ‘ஹலோ... ஹலோ...’ என்று திக்கும். கடையில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு பெயர் தெரிந்தால் அதைப் பிடியுங்கள், ரவுட்டருக்குக் கிட்டே உட்கார்ந்தால் அது நன்றாகவே ஓடும். ஸ்பீடு டெஸ்ட் போடும்போது எல்லாரும் டவுன்லோடை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். மீட்டிங்கில் உங்கள் முகமும் குரலும் போவது அப்லோடில். அதைப் பாருங்கள்.

போன் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்று தைரியமாகப் போகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். சூமில் இரண்டே பேர் பேசும் 720பி வீடியோ காலுக்கு அப்லோடில் 1.2, டவுன்லோடில் 1.2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் மணிக்குச் சுமார் ஒரு ஜிபி. தினம் 1.5 ஜிபி பிளான் வைத்திருப்பவர் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தார். கேமராவை அணைத்துவிட்டால் இதில் பெரும்பகுதி மிச்சம். அப்புறம், கடையின் பெயரிலேயே பாஸ்வேர்டு கேட்காத நெட்வொர்க் ஒன்று தெரிந்தால் அவசரப்பட்டுச் சேராதீர்கள், அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் ஹாட்ஸ்பாட் வைக்கலாம். கல்லாவில் கேட்டுவிட்டுச் சேருங்கள். நெட்டில் போகும் தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் விபிஎன்னை ஆபீஸ் கொடுத்திருந்தால் முதலில் அதைப் போடுங்கள். பேங்க் வேலையைப் போன் டேட்டாவிலேயே முடித்துக்கொள்வது உத்தமம்.

கரண்ட் விஷயத்தில் ஒரே கேள்விதான். “அண்ணா, கரண்ட் போனா வைஃபை ஓடுமா?” கடையில் இன்வெர்ட்டர் இருக்கும், லைட் எரியும், ஃபேன் சுற்றும், ஆனால் ஃபைபர் பாக்ஸை அதில் இணைத்திருக்க மாட்டார்கள். லைட் வெளிச்சத்தில் நெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை. எந்தெந்தப் பகுதி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், பேப்பரிலும் வரும். முதல் நாளே அதைப் பார்த்துவிடுங்கள். உங்கள் தெருவில் கரண்ட் இல்லை என்று நீங்கள் தேடிப் போகும் கபேக்கும் அதே மின்பாதையிலிருந்துதான் (ஃபீடர்) கரண்ட் வருகிறது என்றால் என்ன பிரயோஜனம்?

ப்ளக் பாயிண்ட் இருப்பது மட்டும் போதாது. சார்ஜரைச் செருகியதும் அது பிடிக்காமல் தொங்கினாலோ, சொருகும்போது ‘சர்ர்’ என்று பொறி வந்தாலோ இடம் மாறுங்கள். மெட்டல் பாடி லேப்டாப்பில் மணிக்கட்டு வைக்கும் இடத்தில் சுருசுருவென்று எறும்பு ஊர்வது போல இருந்தால், அங்கே எர்த் சரியில்லை அல்லது உங்கள் சார்ஜருக்கு இரண்டு பின்தான். மூன்று பின் வயர் உள்ள சார்ஜரே நல்லது. பர்மா பஜாரில் மலிவாகக் கிடைத்த சார்ஜரைப் பேட்டைக் கபேயின் ஆட்டம் காணும் பாயிண்ட்டில் மாட்டுவது வேண்டாத வேலை.

இனி நம்ம ஊர் காற்று. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எல்லாம் கடலை ஒட்டியவை, காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். வெளித் திண்ணையில், ‘சீ ப்ரீஸ்’ வருகிறது என்று தினமும் லேப்டாப்பைத் திறந்து வைத்தால் யுஎஸ்பி துளைகளில் துரு பிடிப்பதற்கு நீங்களே வழி செய்கிறீர்கள். உள்ளே வந்தால் வேறு தவறு. ஏசிக்கு நேர் கீழே இடம் பிடிப்பார்கள், லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் போனில் கதை பேசுவார்கள், பிறகு அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்து பைக் மேல் வைத்துத் திறப்பார்கள். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும், ஏசிக் கடையின் கதவைத் தள்ளி வெளியே வந்ததும் கண்ணாடி வெள்ளையாகிவிடும். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த பொருளின் மேல் நீராகப் படிகிறது, லேப்டாப்புக்கும் அதேதான். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் சூடாக இருப்பதால் அதற்குப் பெரிய ஆபத்தில்லை. அணைத்துக் குளிர்ந்து கிடந்ததைத்தான் பைக்குள்ளேயே வைத்து ஜிப் போட்டு எடுத்துப் போக வேண்டும், வெளிச்சூட்டுக்கு அது பழகிய பிறகு திறக்கலாம்.

வெயில் காலத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் லேப்டாப்பை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது இதைவிட மோசம். மேக்புக்கைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை, கத்திரி வெயிலில் நம் ஊர் நிழலிலேயே 40-ஐத் தொடும். மூடிய டிக்கி பற்றிச் சொல்லவே வேண்டாம். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி.

கோல்டு காபி வாங்கினால் டம்ளரைச் சுற்றி தண்ணீர் வடிந்து டேபிளில் வளையம் கட்டும், அது மெதுவாக லேப்டாப்பின் அடிப்பக்கக் காற்றுத் துளைகளை நோக்கி நகரும். டிஷ்யூவை டம்ளருக்கு அடியில் வையுங்கள், முடிந்தது.

கடைக்காரர் பக்கம் வருவோம். ஒரே காபியோடு நாலு மணி நேரம் உட்காருவது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் நாலு பேர் டேபிளில் தனியாக, மதியம் ஒரு மணிக்கு, பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்காருவது அநியாயம். அவருக்கு வாடகையும் ஏசி பில்லும் அந்த நாற்காலிகளில் இருந்துதான் வர வேண்டும். தம்பி வந்து “அண்ணா, வேற இன்னா வேணும்?” என்று இரண்டாவது முறை கேட்டால் அது உபசரிப்பு இல்லை, புரிந்துகொள்ளுங்கள். கூட்டம் வரும் நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு அதற்கு முன்பே கிளம்பலாம், இல்லையென்றால் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிடலாம். ஹெட்போன் இல்லாமல் மீட்டிங் கேட்பவர்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன். சரி, எழுதியாகிவிட்டது.

நாள் முழுக்க உட்கார வேண்டும், நடுவில் மீட்டிங், போன் கால் எல்லாம் இருக்கின்றன என்றால் கபேயே தவறான இடம். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் இதற்காகவே கட்டியது, வேலை செய்ய மேசைகளும் மீட்டிங் அறைகளும் உண்டு. திறந்தபோது அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 என்று கட்டணம் வைத்தார்கள். ஒரு கபுச்சினோ விலைகூட இல்லை. இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

மழை நாளில் எந்தக் கபே என்பதைவிட எந்த வழி என்பது முக்கியம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும் கதை எல்லாருக்கும் தெரியும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் பத்து மணி மீட்டிங்கை மறக்க வேண்டியதுதான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபிறகு திருவொற்றியூர்க்காரர்களுக்கு ரோட்டை நம்ப வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது, ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கடையைப் பிடித்து வையுங்கள். அமெரிக்க ஷிப்ட்காரர்கள் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். நியூயார்க்கின் காலை 9 மணி, மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நமக்கு மாலை 6.30, மற்ற மாதங்களில் 7.30. கடை பத்து மணிக்கு மூடுகிறது என்றால் குளிர்காலத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம்தான், அதில் கடைசி அரை மணி அவர்கள் நாற்காலிகளைக் கவிழ்த்துத் தரையைத் துடைக்கும் நேரம். மீதி ஷிப்ட்டை எங்கே உட்கார்ந்து முடிப்பது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கடைசி மெட்ரோ 11 மணி வாக்கில்.