வெள்ள மண்டல எழுத்தும் தரை உயரமும்: அமெரிக்காவில் வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும்

"இந்த வீடு ஃப்ளட் ஸோனில் இல்லை" என்று ஏஜென்ட் சொன்னால், வெள்ளக் காப்பீடு எடுக்கச் சொல்லி வங்கி உங்களைக் கட்டாயப்படுத்தாது என்பதுதான் அதன் பொருள். தண்ணீர் வராது என்று அதில் எங்கும் இல்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் நீர் புகுந்த வீடுகளில் பாதிக்கும் மேல், வரைபடத்தில் அபாயப் பகுதிக்கு வெளியே இருந்தவைதான். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே வெள்ள வரைபடம் அந்த இடத்துக்குக் கொடுத்திருக்கும் மண்டல எழுத்தோடு நிறுத்தாமல் மூன்று உயரங்களையும் பார்க்க வேண்டும்.

எழுத்தைப் பார்ப்பது சுலபம். ஃபீமாவின் (கூட்டாட்சி அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) மேப் சர்வீஸ் சென்டர் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் அந்தத் துண்டு வரைபடத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏ அல்லது வி என்று தொடங்கும் மண்டலம் எல்லாம் உயர் அபாயப் பகுதி. அங்கே எந்த ஒரு ஆண்டிலும் வெள்ளம் வர குறைந்தது 1 சதவீத வாய்ப்பு. அதற்கு இட்ட 'நூறாண்டு வெள்ளம்' என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது: 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம், அதாவது ஏறக்குறைய நாலில் ஒன்று. வி என்றால் கடலோரம், வெள்ளத்தோடு அலையும் மோதும் இடம். நிழலிட்ட எக்ஸ் என்பது 1 சதவீதத்துக்கும் 0.2 சதவீதத்துக்கும் இடைப்பட்ட பகுதி. நிழலில்லாத எக்ஸ் அதற்கும் குறைவு. டி என்று இருந்தால் அங்கே ஆய்வே நடக்கவில்லை. பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வரைபடம் எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது என்பதையும் பாருங்கள். பழைய வரைபடம் என்றால் அதே தளத்தில் புதிதாக வரவிருக்கும் முன்வரைவு இருக்கிறதா என்று தேடுங்கள்; இன்று எக்ஸில் இருக்கும் வீடு, வரைவில் ஏ வகையைச் சேர்ந்த ஏ.இ ஆகியிருக்கலாம்.

வங்கி பார்ப்பது மனையை அல்ல, கட்டடத்தை. தோட்டத்தின் மூலை மட்டும் ஏ.இக்குள் இருந்து, வீடு முழுக்க வெளியே நின்றால் காப்பீடு கட்டாயமில்லை. கோடு வீட்டின் ஒரு மூலையைத் தொட்டாலும் கட்டாயம்தான்.

இனி உயரங்கள். ஏ.இ மண்டலத்தில் அடிப்படை வெள்ள மட்டம், அதாவது அந்த 1 சதவீத வெள்ளம் எட்டும் உயரம் (பி.எஃப்.இ), வரைபடத்திலேயே அடிக்கணக்கில் இருக்கும். அடுத்தது வீட்டைத் தொட்டிருக்கும் மிகத் தாழ்ந்த மண்மட்டம். மூன்றாவது, வீட்டின் தரைமட்டம். பின்னிரண்டும் உரிமம் பெற்ற சர்வேயர் தரும் எலிவேஷன் சர்ட்டிஃபிகேட்டில் கிடைக்கும். விற்பவரிடம் கேளுங்கள்; இல்லையென்றால் ஊர் நிர்வாகத்தின் வெள்ளப்பகுதி அலுவலகத்தில் பழைய பிரதி இருக்கக்கூடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பி.எஃப்.இ 48 அடி, மண்மட்டம் 48.4, தரை 49.6 என்றால், ஏ.இ என்று எழுதியிருந்தாலும் அந்த வீடு வரைபடம் சொல்லும் வெள்ளத்துக்கு மேலேதான் நிற்கிறது. தரை 46.5 என்றால் அதே வெள்ளத்தில் கூடத்தில் ஒன்றரை அடித் தண்ணீர். இரண்டு வீட்டுக்கும் எழுத்து ஒன்றே. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, உயரத்தை எந்தப் பூஜ்ய மட்டத்திலிருந்து அளந்தார்கள் என்பதைக் கவனிக்காமல் விடுவது. பழைய சான்றிதழ்கள் 1929 மட்டத்தை வைத்தும், புதிய வரைபடங்கள் 1988 மட்டத்தை வைத்தும் அளந்தவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். சில ஊர்களில் ஒரு அடிக்கும் மேல். மாற்றிக் கணக்கிடாமல் ஒப்பிட்டால் மூழ்கும் வீடு மேடாகத் தெரியலாம்.

மேலே கணக்கில் வந்த முதல் வீட்டுக்கு லோமா, அதாவது வரைபடத் திருத்தக் கடிதம், கேட்டு விண்ணப்பிக்கலாம். இயற்கையான மண்மட்டம் பி.எஃப்.இக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் ஃபீமா அந்தக் கட்டடத்தை உயர் அபாயப் பகுதியிலிருந்து எழுத்துப்பூர்வமாக விலக்கும். ஃபீமாவுக்குக் கட்டணம் கிடையாது, சர்வேயர் செலவு மட்டும். முழுத் தகவலும் போய்ச் சேர்ந்த பிறகு 60 நாள் வரை ஆகலாம் என்பதால் க்ளோஸிங்குக்கு (வீடு கைமாறும் நாள்) இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கிப் பயனில்லை. வீட்டோடு ஒட்டிய மர டெக்கின் கால்கள் ஊன்றிய மண்ணும் கணக்கில் வரும். பின்பக்கச் சரிவில் இறங்கி நிற்கும் ஒரே ஒரு கால் விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும்.

காப்பீட்டுக்கு வருவோம். 1968 சட்டத்தின்படி வந்த என்.எஃப்.ஐ.பி என்ற அரசு வெள்ளக் காப்பீட்டுத் திட்டம், ஒரு குடும்ப வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலரும் உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலரும் தருகிறது. பொருள்களுக்கான காப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வங்கி கட்டாயப்படுத்துவது பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே. அதோடு நிறுத்திவிட்டுச் சோபாவும் துணிமணியும் போன பிறகு வருந்துபவர்கள் நிறைய. சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய பங்கான கழிவுத்தொகையும் (டிடக்டிபிள்) கட்டடத்துக்கு ஒன்று, பொருள்களுக்கு ஒன்று எனத் தனித்தனி.

பேஸ்மென்ட் உள்ள வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், மின் பெட்டி, சம்ப் பம்ப், வாஷர், டிரையர் ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்கும். அங்கே போட்ட கம்பளம், பூசி முடித்த சுவர், ஹோம் தியேட்டர் எதற்கும் கிடைக்காது. வீட்டை விட்டு வெளியே தங்கும் செலவையும் என்.எஃப்.ஐ.பி தராது. தனியார் பாலிசிகள் சில அதைத் தரும், உச்சவரம்பும் கூடுதலாக இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறுக்கவும் செய்யலாம்.

பிரீமியத்தில் எழுத்தின் ஆதிக்கம் முடிந்துவிட்டது. புதிய பாலிசிகளுக்கு 2021 அக்டோபரிலிருந்து, நீரிலிருந்து தூரம், தரை உயரம், மறுபடி கட்டும் செலவு போன்றவற்றை வைத்தே விலை போடுகிறார்கள். ஆகவே எக்ஸ் வீட்டுக்கும் பிரீமியம் கேட்டுப் பாருங்கள், ஏ.இ என்றதும் ஓடவும் வேண்டாம். எலிவேஷன் சர்ட்டிஃபிகேட் கொடுப்பது இப்போது கட்டாயமில்லை. கொடுத்து, அது சாதகமாக இருந்தால் பிரீமியம் குறையும். பல ஊர்களில் நிர்வாகத்தின் வெள்ளத் தடுப்புப் பணிக்காக 5 முதல் 45 சதவீதம் வரை தள்ளுபடியும் உண்டு.

அதிகம் பேர் தவறவிடுவது இதுதான்: விற்பவரிடம் என்.எஃப்.ஐ.பி பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அவருடைய பிரீமியம், முழு விலைக்கு இன்னும் ஏறாமல் ஆண்டுக்கு அதிகபட்சம் 18 சதவீதம் என்ற வரம்போடு படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தால், அந்தச் சலுகையும் பாலிசியோடு வரும். புதிய பாலிசி எடுத்தால் முதல் நாளிலிருந்தே முழு பிரீமியம். முதன்மை வீடாக இல்லாவிட்டால் ஏற்றத்தின் வரம்பு கூடும். பாலிசியை இடையில் விட்டாலும் சலுகை போய்விடும். இதை ஆஃபர் போடும்போதே எழுதிவிடுங்கள், க்ளோஸிங் மேசையில் நினைவு வந்தால் தாமதம்தான்.

காத்திருப்புக் காலம் 30 நாள். வீட்டுக்கடனோடு சேர்த்து எடுக்கும் பாலிசிக்கு அது கிடையாது. ரொக்கமாக வாங்குபவர் புயல் பெயர் சூட்டப்பட்ட பிறகு எடுத்தால் பயன்படாது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கராஜ் சுவரின் கீழ்ப்பகுதியைக் குனிந்து பாருங்கள். நாலடி உயரம்வரை மட்டும் புதுச் சுவர்ப்பலகை, அதற்கு மேல் பழைய பெயின்ட், கீழ் ப்ளக் பாயின்ட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் புதிது, வாட்டர் ஹீட்டரின் அடியில் துரு: நனைந்த சுவரை வெட்டி எடுத்து மாற்றியதன் அடையாளங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் தனியே வேறு காரணம் இருக்கலாம். மூன்றும் சேர்ந்து நின்றால் கேள்வி கேட்க வேண்டும். தன் வீட்டுக்கு முன்பு பணம் பெற்ற காப்பீட்டு வரலாற்றை உரிமையாளர்தான் ஃபீமாவிடம் கேட்டு வாங்க முடியும், வாங்குபவரால் முடியாது. ஆஃபரில் அதை நிபந்தனையாக வைப்பது நல்லது. மறுப்பதும் ஒரு பதில்தான்.

பழைய வீட்டை வாங்கி மாற்றிக் கட்டும் எண்ணம் இருந்தால் 50 சதவீத விதியைக் கேட்டறியுங்கள். உயர் அபாயப் பகுதியில் பழுது அல்லது மேம்பாட்டின் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், வீடு முழுவதையும் இன்றைய விதிப்படி உயர்த்தியாக வேண்டும். மதிப்பில் மனையைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால் விலை உயர்ந்த இடத்தில் நிற்கும் சிறு வீட்டுக்கு இந்த வரம்பு சட்டென்று எட்டிவிடும்.

விற்பவர் என்ன சொல்லியாக வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதலும், நியூ ஜெர்சி, நியூயார்க் மாநிலங்களில் 2024 மார்ச் முதலும், ஃப்ளோரிடாவில் 2024 அக்டோபர் முதலும் வெள்ளம் பற்றிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். கூட்டாட்சி அரசின் பேரிடர் உதவியை, காப்பீடு வைத்திருப்பேன் என்ற நிபந்தனையோடு பெற்றிருந்தால் அந்தக் கடமை வீட்டோடு ஒட்டிக்கொண்டு அடுத்த உரிமையாளருக்குப் போகும். கைமாறும் தேதிக்குள் அதை எழுத்தில் தெரிவிக்காமல் விட்டு, வாங்கியவர் காப்பீடு இல்லாமல் நனைந்து அரசிடம் உதவி பெற்றால், அந்தத் தொகையை அரசு பழைய உரிமையாளரிடமிருந்து திரும்பக் கேட்கலாம்.