பிளாட்பாரத்திலிருந்து வாடகை வீட்டுக்கு: புதிதாக உதவ வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் பாரிமுனை, வால்டாக்ஸ் ரோடு, சவுக்கார்பேட்டை பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் நடந்தால், தார்ப்பாய்க்குக் கீழே குடும்பம் குடும்பமாகத் தூங்குவதைப் பார்க்கலாம். பலர் இரண்டு மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருப்பவர்கள். மூட்டை தூக்குவது, சேட்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது, பூ கட்டி விற்பது, கல்யாணச் சமையலுக்குப் போவது என்று பெரும்பாலும் ஏதோ ஒரு வேலை செய்பவர்கள்தான். சம்பாதித்தும் ஏன் ஒரு அறை வாடகைக்கு எடுக்க முடியவில்லை என்பதுதான் நாம் பிடிக்க வேண்டிய நுனி. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே சொல்லப்போவது வேறு வேலை.

1. ஒரு குடும்பம் போதும்

தனியாகப் போய் இறங்காதீர்கள். வீடற்றவர்களுக்கான மாநகராட்சிக் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. மாநகராட்சியின் உதவி எண் 1913-க்குப் போன் செய்து உங்கள் பகுதியில் எது இருக்கிறது என்று கேட்டு, அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் அறிமுகப்படுத்தும் ஒரே ஒரு குடும்பத்தோடு ஒரு வருஷமாவது நிற்க முடியுமா என்று யோசித்துக்கொண்டு வாருங்கள்.

முதல் சில வாரம் பேச்சு மட்டும்தான். வேலை முடிந்து, சமைக்கிற நேரத்துக்குப் போனால் பேசுவார்கள். போட்டோ எடுக்காதீர்கள். "வீடு வாங்கித் தரேன்கா" என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போன நிறையப் பேரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"காப்பகத்துக்கே போகலாமே" என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருப்பவையே அதிகம். புருஷன் ஓரிடம், பெண்டாட்டி பிள்ளைகள் ஓரிடம் என்று பிரிந்து தூங்க யாருக்கு மனசு வரும்?

2. காகிதம்

பாதி வேலை இதுதான், பொறுமையைச் சோதிப்பதும் இதுதான். ஆதாரில் தொடங்குங்கள். பலர் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். மழையிலோ, மாநகராட்சி லாரி மூட்டையோடு அள்ளிப்போனதிலோ அட்டை தொலைந்திருக்கும். அதனால் புதிதாக விண்ணப்பிக்கும் முன் ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் பழைய எண் கிடைக்கிறதா என்று பாருங்கள். எடுக்கவே இல்லையென்றால், ஆதார் ஆணையம் ஒரு சான்றிதழ் படிவம் வைத்திருக்கிறது. கவுன்சிலர், எம்.எல்.ஏ., தாசில்தார், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் போன்றவர்கள் அதில் போட்டோ ஒட்டிக் கையெழுத்திட்டு முத்திரை வைக்கலாம். கையெழுத்தான நாளிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு உண்டு, மாதக்கணக்கில் இழுக்கும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாக்காளர் அட்டைக்கு வீட்டு முகவரிச் சான்று வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது. படிவம் 6-ல் தூங்கும் இடத்தை முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து, விண்ணப்பித்தவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. "இத்தனாம் நம்பர் கடை வாசல்" என்று கடை எண்ணோடு எழுதுங்கள். அலுவலரின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவர் பகலில் வந்து "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

அப்புறம் ரேஷன் அட்டை. முகவரி கேட்டு இழுத்தடிக்கும் இடம் இதுதான், காப்பக நிறுவனத்தின் கடிதத்தோடு திரும்பத் திரும்பப் போக வேண்டும். விலையில்லா அரிசி, மகளிர் உரிமைத் தொகை என்று எல்லாம் அந்த அட்டையைச் சுற்றித்தான் வருகிறது.

கிடைத்த காகிதங்களை அவர்கள் நம்புகிற பக்கத்துக் கடைக்காரரிடமோ காப்பகத்திலோ வைக்கச் சொல்லுங்கள். தலைமாட்டில் வைத்தால் நிற்காது. போனும் அப்படித்தான், தூங்கும்போது திருடு போகும். ஓடிபி வரும் நம்பர் போனோடு போய்விட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

3. தண்டல்

தண்டல் என்பது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி அடைக்கும் வட்டிக் கடன். பத்தாயிரம் தண்டல் வாங்கினால் கையில் வருவது எட்டாயிரத்து ஐந்நூறு என்று வையுங்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே போவதால், வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். இதோடு கட்டணக் கழிப்பறை, குளியல், தண்ணீர், சார்ஜ் போட என்று தினமும் போகும் காசையும் ஒரு வாரம் அவர்களையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிளாட்பாரத்தில் வாழ்வது இலவசம் இல்லை.

தண்டலை நீங்கள் அடைக்காதீர்கள். அடுத்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு மறுபடி வாங்க வேண்டியிருக்கும். வங்கியில் ஜன்தன் கணக்கு தொடங்க உதவுங்கள். அடையாளச் சான்று எதுவும் இல்லாவிட்டாலும், போட்டோவும் கைரேகையும் வைத்து 'சிறு கணக்கு' தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 வரை எடுக்கலாம். கிளையில் தெரியாது என்பார்கள். மேலாளரைப் பாருங்கள். ஓடுகிற தண்டல் முடிந்த மறுநாளிலிருந்து அதே நூறு ரூபாய் கணக்கில் ஏறட்டும். தினமும் நூறு கட்டிப் பழகியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

4. பிள்ளைகள்

வயதுச் சான்றோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்று பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படி. தலைமையாசிரியரிடம் சண்டை வேண்டாம், பொறுமையாகச் சொன்னாலே போதும்.

5. வருமானம்

தையல் மெஷின் வாங்கிக் கொடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். மழையில் அதை எங்கே வைப்பார்கள்? செய்கிற வேலையையே கொஞ்சம் பெரிதாக்குவது நல்லது. பூ விற்கும் அக்காவுக்கு மாநகராட்சியின் தெரு வியாபாரி அட்டை வாங்கிக் கொடுத்தால் பிரதமரின் ஸ்வநிதி கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 2020-ல் பத்தாயிரமாக இருந்த முதல் தவணை இப்போது பதினைந்தாயிரம். ஒழுங்காகக் கட்டினால் அடுத்த தவணை கூடும், வட்டி மானியமும் உண்டு. கட்டட வேலைக்குப் போகிறவரைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள்.

6. வீடு

குறுக்கே நிற்பது அட்வான்ஸ். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லும் என்ற ஓட்டையையும் அதுவே வைத்திருக்கிறது. நடைமுறையில் பத்து மாதம் கேட்பவர்கள் உண்டு. குடும்பத்தின் சேமிப்பு பாதியைத் தொட்டதும், மீதியை நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போடலாம். வீட்டுக்காரரிடம் கூடப் போய் நில்லுங்கள். பிளாட்பாரம் என்றதும் முகம் சுளிப்பவரும், இவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளி, யார் வீட்டில் எத்தனை வருஷமாக வேலை என்று தெரிந்தால் இறங்கி வருவார்.

வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே தேடுங்கள். நகரின் தெற்கே தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்தில் அரசு வாரியக் குடியிருப்பு கிடைத்தும் பழைய தெருவுக்கே திரும்பியவர்கள் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் காலை ஆறு மணிக்கு சவுக்கார்பேட்டையில் பாத்திரம் தேய்க்க வேண்டியவர் அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது?

குடியேறியதும் வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்து ஆதார், ரேஷன் முகவரியை மாற்றிவிடுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. முதல் மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒரு தடவையாவது போய்வாருங்கள். வேலை குறைந்து வாடகை தடுமாறுவது பெரும்பாலும் அப்போதுதான். தண்டல்காரரும் அப்போதுதான் வீடு தேடி வருவார்.