பிளான் 9-இல் மெயில்: கிரெப் தெரிந்தால் போதும்

பிளான் 9 என்ற இயங்குதளத்தை வெர்ச்சுவல் மெஷினிலோ பழைய திங்க்பேடிலோ நிறுவி, அதன் ஜன்னல் நிர்வாகியான ரியோவின் ஜன்னல்களை இழுத்துப் பார்த்து முடித்ததும் அடுத்து வரும் கேள்வி: இதில் மெயில் பார்க்க முடியுமா? தாராளமாக முடியும். கொஞ்சம் பழகிவிட்டால் வேறு எங்கும் இவ்வளவு வசதி இல்லையே என்றுகூடத் தோன்றும். காரணம், இங்கே உங்கள் மெயில்பெட்டி ஒரு அடைவாக (ஃபோல்டராக) மாறிவிடுகிறது, ஒவ்வொரு கடிதமும் அதற்குள் ஓர் உள்ளடைவு, அனுப்பியவர், பொருள், உள்ளடக்கம் எல்லாம் தனித்தனிக் கோப்புகள். கோப்புகளைக் கையாள உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கட்டளைகள்தான் மெயில் கட்டளைகளும்.

பெல் லேப்ஸ் இதை 1992-இல் பல்கலைக்கழகங்களுக்கு முதன்முதலாகக் கொடுத்தது. இன்று பெரும்பாலும் புழங்குவது அதிலிருந்து 2011-இல் பிரிந்த 9ஃப்ரன்ட் என்ற வடிவம். நான் சொல்வதும் அதற்குத்தான். மெயில் வேலையைச் செய்யும் தொகுப்பின் பெயர் உபாஸ், டேவ் பிரசோட்டோ எழுதியது, பிளான் 9-ஐவிடவே மூத்தது. கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடவுச்சொல். இங்கே எந்த நிரலும் உங்கள் கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொள்வதில்லை, ஃபேக்டோட்டம் என்ற ஒரே ஆள் எல்லாருக்கும் சாவிக்கொத்து வைத்திருப்பார். அவரிடம் இப்படிக் கொடுக்க வேண்டும்:

எக்கோ 'கீ புரோட்டோ=பாஸ் சர்வீஸ்=ஐமாப் சர்வர்=சர்வர்பெயர் யூசர்=பயனர்பெயர் !பாஸ்வேர்ட்=ரகசியம்' > /எம்என்டி/ஃபேக்டோட்டம்/சிடிஎல்

பாஸ்வேர்டுக்கு முன்னால் உள்ள ஆச்சரியக்குறியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் பிறகு யாராவது அந்தக் கோப்பைப் படித்தாலும் ரகசியம் மட்டும் வெளியே வராது. ஐமாப் என்பது சர்வரில் உள்ள மெயிலைப் பார்ப்பதற்கான நெறிமுறை, அனுப்புவதற்கு எஸ்எம்டிபி, அதனால் சர்வீஸ்=எஸ்எம்டிபி என்று மாற்றி இன்னொரு முறை கொடுங்கள். ரியோ ஜன்னலில் அடித்ததெல்லாம் அப்படியே எழுத்தாக நிற்கும் என்பதால் வேலை முடிந்ததும் அந்த ஜன்னலை மூடிவிடுங்கள். ஜிமெயில் என்றால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினை அணைத்தால் ஃபேக்டோட்டம் எல்லாவற்றையும் மறந்துவிடும். தினமும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் செக்ஸ்டோர் என்ற மறையாக்கப் பெட்டகத்தில் சேமித்து வைப்பது நல்லது.

அப்புறம் பெட்டியைத் திறக்கலாம்:

உபாஸ்/எஃப்எஸ் -எஃப் /ஐமாப்ஸ்/சர்வர்பெயர்/பயனர்பெயர்

முதல் தடவை இது அநேகமாக ஓடாது. சர்வரின் சான்றிதழ் தெரியவில்லை என்று சொல்லி, எக்ஸ்509 என்று தொடங்கும் ஒரு நீளமான கைரேகையைத் திரையில் காட்டும். அந்த வரியை அப்படியே /சிஸ்/லிப்/டிஎல்எஸ்/மெயில் கோப்பின் கடைசியில் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஆனால் ரயில் நிலைய வைஃபையில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்யாதீர்கள், அந்த நேரத்தில் எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்பதற்கு உங்கள் நம்பிக்கையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சர்வர் தன் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது இதே பிழை திரும்பவும் வரும்.

திறந்ததும் இப்படிப் பாருங்கள்:

எல்எஸ் /மெயில்/எஃப்எஸ்/எம்பாக்ஸ்

1, 2, 3 என்று எண்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஒரு கடிதம். 12-க்குள் போய்ப் பார்த்தால் ஃப்ரம், டு, சப்ஜெக்ட், டேட், பாடி, ரா என்று கோப்புகள் இருக்கும், இணைப்புகள் இருந்தால் அவை மறுபடி எண் போட்ட உள்ளடைவுகளாக இருக்கும். 12/பாடியை கேட் கட்டளையால் திரையில் காட்டினால் கடிதம் படித்தாயிற்று.

பக்கத்து ஜன்னலில் போய் அதே எல்எஸ் அடித்துவிட்டு ஒன்றுமே இல்லையே என்று திகைப்பவர்கள் உண்டு, நானும் ஒரு மாலை முழுக்க அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன். பிளான் 9-இல் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனிப் பெயர்வெளி, அதாவது தனக்கென ஒரு கோப்பு மரம், ஒன்றில் மவுன்ட் செய்தது (இணைத்தது) மற்றதில் தெரியாது. உபாஸ்/எஃப்எஸ் வரியை உங்கள் லிப்/புரொஃபைல் கோப்பில், ரியோ தொடங்கும் வரிக்கு முன்னால் போட்டுவிட்டால் எல்லா ஜன்னலிலும் தெரியும்.

இனிமேல்தான் இந்த முறையின் அருமை புரியும். எனக்கு அதிகம் எழுதுவது யார் என்று பார்க்க வேண்டுமா? கோப்புகளுக்குள் தேடும் கிரெப் கட்டளை இருக்கிறது:

கிரெப் -ஹெச் . /மெயில்/எஃப்எஸ்/எம்பாக்ஸ்/*/ஃப்ரம் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர்

ஒரே வரியில் பட்டியல் வந்துவிடும், மேலே இருப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு விளம்பர முகவரியாகத்தான் இருக்கும். தமிழில் பொருள் எழுதிய கடிதத்தைத் தேட வேண்டுமா? கிரெப் -எல் திருமணம் என்று கொடுத்து, பின்னால் எல்லாக் கடிதங்களின் சப்ஜெக்ட் கோப்புகளையும் காட்டினால் போதும். சாதாரணமாக மெயில் தலைப்பில் தமிழ் எழுத்துகள் ஒரு குறியாக்கத்துக்குள் பொதிந்து வருவதால் கச்சாக் கோப்பில் கிரெப் செய்தால் எதுவும் அகப்படாது, இங்கே உபாஸ் அதைப் பிரித்து, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு மாற்றித்தான் உங்களிடம் தருகிறது. யூடிஎஃப்-8 பிறந்த வீடே இதுதான், 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் அதை வடிவமைத்து முதலில் இந்த அமைப்பில்தான் பயன்படுத்தினார்கள். வணக்கம் என்ற சொல்லை எக்கோ -என் வழியாக எண்ணிக் காட்டும் டபிள்யூசி -ஆர்-க்கு அனுப்பிப் பாருங்கள், 7 யூனிகோடு குறிகள் என்று வரும், -சி கொடுத்தால் 21 பைட்டுகள். ஒரே குறை, திரையில் எழுத்துகள் சேர்ந்து வராது. கொம்பு முன்னால் போகாமல் மெய்க்குப் பின்னாலேயே நிற்கும். தேடுவதற்கும் வடிகட்டுவதற்கும் இதனால் பாதிப்பில்லை, ஆனால் நீண்ட தமிழ்க் கடிதத்தை வாசிக்கக் கஷ்டம்தான், இதை யாராவது சரிசெய்ய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

எல்லாக் கடிதங்களின் பாடி கோப்பிலும் ஒரே நேரத்தில் தேடாதீர்கள். ஐமாப் என்றால் அத்தனையும் இறங்கி வர வேண்டியிருக்கும், இணைப்பு மெதுவாக இருந்தால் தேநீர் ஆறிவிடும்.

அழிக்க:

எக்கோ 'டெலீட் எம்பாக்ஸ் 12 13' > /மெயில்/எஃப்எஸ்/சிடிஎல்

இது கேள்வி கேட்காது, உடனே அழிக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்க நெட்மெயில் (nedmail) என்ற மெயில் வாசிப்பு நிரல் நல்லது. மெயில் என்று மட்டும் அடித்தால் அதுதான் ஓடும். பி (b) கொடுத்தால் அடுத்த பத்துத் தலைப்புகள், வெறும் என்டர் தட்டினால் அடுத்த கடிதம், ஆர் பதில் எழுத, டி அழிக்க, யூ அழித்ததை மீட்க. ஜி/சொல்/டி என்றால் தலைப்பில் அந்தச் சொல் உள்ள எல்லாவற்றுக்கும் அழிப்புக் குறி போடும். இங்கே கவனம் வேண்டும். ஆஃபர் என்று வரும் விளம்பரங்களை அழிக்கிறேன் என்று இதை அடித்து, பட்டியலைப் பார்க்காமல் கியூ கொடுத்து வெளியே வந்தேன், அதோடு ஒரு வேலைக்கான ஆஃபர் லெட்டரும் போய்விட்டது. திரும்பவும் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கியூ குறி போட்டதையெல்லாம் உண்மையாகவே அழித்துவிட்டு வெளியேறும், எக்ஸ் எதையும் தொடாமல் வெளியேறும். சந்தேகம் இருந்தால் எக்ஸ்.

அனுப்புவதற்கு /மெயில்/லிப்/ரிமோட்மெயில் கோப்பைத் திருத்த வேண்டும். கடைசி வரியில் உபாஸ்/எஸ்எம்டிபி அழைப்பு இருக்கும், அதில் -ஏ சேர்த்து, முகவரி இடத்தில் நெட்!சர்வர்பெயர்!587 என்று போடுங்கள். -ஏ இருந்தால் ஃபேக்டோட்டத்திடம் கேட்டு உள்ளே நுழையும், இணைப்பையும் மறையாக்கம் செய்துகொள்ளும். பிறகு,

மெயில் -எஸ் 'பொருள்' முகவரி < கடிதம்

கோப்பு இணைக்க -ஏ கோப்புப்பெயர். இந்த -ஏ வேறு, மேலே சொன்ன -ஏ வேறு, இரண்டும் வெவ்வேறு நிரல்களுடையவை.

அனுப்பியது போய்ச் சேரவில்லை என்றால் /மெயில்/கியூ அடைவில் உங்கள் பெயருக்குள் பாருங்கள், கியூ என்பது வரிசை. சி, டி, இ என்று தொடங்கும் கோப்புகள் அங்கே காத்துக்கொண்டிருக்கும். இ-யில் தொடங்குவதை கேட் செய்தால் சர்வர் என்ன சொல்லித் திருப்பியது என்பது வார்த்தைக்கு வார்த்தை இருக்கும். பெரும்பாலும் கடவுச்சொல் பிழை, இல்லாவிட்டால் எஸ்எம்டிபிக்கான சாவியைக் கொடுக்க மறந்திருப்பீர்கள்.