மண் பாதை எல்லாம் வண்டிப் பாதை இல்லை

இங்கிலாந்தில் ஒரு பழைய லேண்ட் ரோவரோ டிரெயில் பைக்கோ கைக்கு வந்ததும் பலரும் நினைப்பது, தார் போடாத பாதை எதைக் கண்டாலும் இறக்கி ஓட்டலாம் என்று. இப்படி மண் பாதைகளில் வண்டி ஓட்டும் 'கிரீன் லேனிங்' போகிறவர்கள் மாட்டிக்கொள்வது முக்கால்வாசி இதில்தான். டயர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் பாதை தொடங்கும் இடத்துக் கேட் கம்பத்தைப் பாருங்கள்.

அதில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். ஊதா என்றால் ரிஸ்டிரிக்டெட் பைவே, அதாவது கட்டுப்பாடுள்ள பொதுப் பாதை, குதிரை வண்டிகூடப் போகலாம், ஆனால் மோட்டார் வண்டி கூடாது; 'பைவே' என்ற பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. சிவப்பு மட்டும்தான் எல்லா வண்டிக்கும் திறந்த பைவே. மற்ற மூன்றிலும் அனுமதியில்லாமல் ஓட்டுவது 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். "அந்தக் காலத்திலிருந்தே இதில் வண்டி போகிறதே" என்ற வாதமும் பெரும்பாலும் எடுபடாது, பதிவாகாத மோட்டார் உரிமைகளில் பெரும்பகுதியை 2006-ல் வந்த சட்டம் துடைத்துவிட்டது.

சரி, சிவப்பு அம்பு இருக்கிறது, அத்தோடு முடிந்ததா? இல்லை. ரிட்ஜ்வே என்ற பழைய நெடும்பாதையின் சில பகுதிகளில் குளிர்காலத்தில் மோட்டார் வண்டிக்குத் தடை, பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் ஸ்டானேஜ் பக்கத்து லாங் காஸ்வேயில் ஆண்டு முழுக்கத் தடை. காகித மேப்பை மட்டும் நம்பினால் இது தெரியாமல் போகலாம். அதில் பச்சைப் புள்ளிகளாக வரும் பாதைகளும் அப்படித்தான், யாருக்கு உரிமை என்று புள்ளி சொல்லாது. கிளம்புமுன் அந்தப் பகுதி கவுன்சிலில் கேட்டுவிடுங்கள்.

பைவேயும் சாலைதான். நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், லைசென்ஸ், எம்.ஓ.டி. (வருடாந்திர வண்டிச் சோதனை) எல்லாம் தார் ரோட்டுக்கு வேண்டிய மாதிரியே இங்கேயும் வேண்டும்.

எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது குட்டைக்குப் பயந்து ஓரத்துப் புல்லில் ஏற்றுகிறவர்கள். முதல் வண்டி ஒரு தடம் போடும், அடுத்த மழையில் அதுவும் குட்டையாகும், மூன்றாவது வண்டி இன்னும் வெளியே ஏறும். ஒரு வண்டி அகலப் பாதை சில குளிர்காலத்தில் மூன்று வண்டி அகலச் சேறாகிவிடும். குச்சியால் ஆழம் பார்த்துவிட்டு நடுவிலேயே மெதுவாகப் போங்கள், முடியாத ஆழம் என்றால் திரும்பிவிடுங்கள்.

மூடியிருந்த கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், கயிறு கட்டியிருந்தால் கயிற்றோடு. உள்ளே ஆடு இருக்கும். குதிரை எதிரில் வந்தால் வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். குதிரை தாண்டி நல்ல தூரம் போன பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.