கடலோர ஊரில் ‘பராசக்தி’யைத் திரையிட்டு விவாதிக்க

1952-இல் வந்த இந்தப் படத்தின் நாயகன் சிவாஜியின் நினைவு நாளான ஜூலை 21 பொருத்தம்போலத் தெரியும், ஆனால் தோதுப்படாது. அப்போது விசைப்படகுகள் கடலில் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் ஆட்கள் கரையில் இருப்பது அப்போதுதான். ஊர்ப்பொதுவில் திரையிடுவதென்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

துணித்திரை வேண்டாம். அந்த மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் காற்று ஏறும். துணி பாய்போலப் புடைத்துக் கம்பத்தையே சாய்த்துவிடும். காற்று மறைவான கட்டடச் சுவரில் பளபளப்பில்லாத வெள்ளையை இரண்டு கை பூசினால் போதும். எனாமல் அடித்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். பழைய படம் என்பதால் புரொஜக்டரை 4:3-இல் வையுங்கள். 16:9-இல் விட்டால் முகங்கள் எல்லாம் அகலமாகிவிடும். 8 அடி அகலப் படத்துக்கு 6 அடி உயரம் வரும்.

ஒலிதான் உயிர். இது வசனத்தால் நிற்கிற படம். பேஸை (அடித்தொனியை) குறைத்து, ஸ்பீக்கர்களைத் தலைக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். சிமெண்டுக் கூடத்துக்குள் திரையிடும்போது கடைசி வரிசைக்கு வசனம் புரியவில்லையென்றால் சத்தத்தைக் கூட்டாதீர்கள். எதிரொலியும் சேர்ந்து பெருகும். கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், தெளியலாம்.

மூன்று மணி நேரப் படம். இரண்டு இரவாகப் பிரித்து, கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்த பிறகு தொடங்குங்கள்.

நீதிமன்றக் காட்சியை மட்டும் போடச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். அதை மட்டும் பார்த்த கூட்டம் வசன அழகை மெச்சிக் கலைந்துவிடும், இல்லையென்றால் கட்சி பிரிந்துகொள்ளும். பட்டிமன்றமாக்கினாலும் அதே கதிதான். பேச்சைக் கதையின் தங்கை கல்யாணியிடமிருந்து தொடங்குங்கள். கைக்குழந்தையோடு நிற்கும் அந்த விதவையை யார் யார் துரத்துகிறார்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். கோயிலில் அவளிடம் அத்துமீறப் பார்க்கும் பூசாரி அதில் ஒருவன்தான் என்பது தானாகவே வெளிவரும். 1952 தீபாவளிக்கு வந்தபோது, கடவுளைப் பழிக்கிறது, தடை செய்யுங்கள் என்று எழுந்த குரல் எந்தக் காட்சியைப் பற்றியது, அந்தக் காட்சி கடவுளைச் சாடுகிறதா, கோயிலைக் கேடயமாக்கிய ஆளையா என்று அடுத்துக் கேளுங்கள். இராமேசுவரத்தில் இந்தக் கேள்வி சூடாகும். உள்ளூர்க் கோயில், உள்ளூர் ஆள் பேச்சு வந்தால் உடனே படத்துக்குத் திருப்புங்கள்.

குறைகளையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். கல்யாணி ஆற்றில் எறிந்த குழந்தை சரியாகப் படகில் விழுவது கதையின் வசதிக்காக. நடிப்பில் நாடக மேடை தெரிகிறது. பட்டதெல்லாம் தங்கை, நீதிமன்றத்தில் முழங்குவது அண்ணன் குணசேகரன். மு. கருணாநிதியின் வசனத்தைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் தட்டிக்கழிக்கும் இடம் இதுதான், இங்கே பெண்களை முதலில் பேசவிடுங்கள்.

பர்மாவின் ரங்கூனிலிருந்து நடந்தே திரும்பும் மற்ற இரண்டு அண்ணன்மார் பகுதியைப் பெரியவர்களிடம் விட்டுவிடலாம். பர்மாவுக்கும், தனுஷ்கோடி வழியாக இலங்கைக்கும் ஆள் போன கரை இது. மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாம் இன்னும் இருக்கிறது. படத்தில் அகதிக்குக் கிடைக்கும் மரியாதை பற்றி இங்கே பேச ஆளுக்குப் பஞ்சமிருக்காது. அதற்கென்று அரை மணி நேரமாவது தனியாக ஒதுக்கி வையுங்கள்.