கருந்துளை சிமுலேஷனில் எங்கே கால் வழுக்கும்?

இரண்டு கருந்துளைகளை இணையவிடும் கணினி முயற்சி 1964-இல் ஹான், லிண்ட்குவிஸ்ட் கையில் தொடங்கியது. ஒன்றையொன்று சுற்றி வந்து, இணைந்து, அடங்கும்வரை நிரல் நொறுங்காமல் ஓடியது 2005-இல்தான்; ஓட்டியவர் ஃபிரான்ஸ் பிரிடோரியஸ். இன்று இத்தகைய சிமுலேஷனுக்கான மென்பொருள் தொகுப்பான ஐன்ஸ்டைன் டூல்கிட்டை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆபத்தும் அங்கேதான்: ஓடி முடிந்துவிட்டால் விடை சரி என்று தோன்றிவிடும்.

ஒரே ஒரு பிரிதிறனில் (கணக்கிடும் கட்டவலையின் நுணுக்க அளவில்) ஓட்டிவிட்டு, வெளிவரும் ஈர்ப்பலையை (வெளி-காலத்தில் பரவும் அதிர்வை) வரைபடமாகப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. குறைந்தது மூன்று பிரிதிறன்களில் ஓட்டுங்கள். நான்காம் வரிசை முறையில் (பிழை, இடைவெளியின் நான்காம் அடுக்கில் குறையும் முறையில்) கட்டவலையின் இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குறையவில்லையா? அந்த அலையை நம்பாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அலையின் உயரத்தை விட அதன் ஏற்ற இறக்கம் எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் (phase) பிழை சேர்ந்துகொண்டே போகும். அதைத் தனியாகப் பாருங்கள்.

அப்புறம், அலையின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு துடிப்பு. அது இயற்கையில் இல்லாதது, நாம் உண்டாக்கியது. உண்மையான ஜோடி பல கோடி ஆண்டுகளாக அலை வீசிக்கொண்டே நெருங்கி வந்தது; நாமோ கடைசிச் சில சுற்றுகளில் இருந்து தொடங்குகிறோம். முந்தைய அலைகள் நம் தொடக்கத் தரவில் சரியாக இல்லாததால், குப்பை அலை ஒன்று வெளியேறுகிறது. அது கடந்து போனபின் வருவதையே அளவிட வேண்டும்.

படத்தில் இரு கருந்துளைகளின் பாதையைக் காட்டி, "இவ்வளவு தூரத்தில் இருந்தன" என்று சொல்வதும் தப்பு. அந்தத் தூரம் நாம் தேர்ந்தெடுத்த ஆயங்களை, அதாவது இடத்தையும் நேரத்தையும் குறிக்கும் எண்முறையை, சார்ந்தது. ஆயங்களை மாற்றினால் பாதையும் மாறும். ஒளியும் தப்ப முடியாத நிகழ்வு எல்லையும் ஓடும்போதே கிடைக்காது, அதை வரைய முழு எதிர்காலமும் தெரிய வேண்டும். அதனால் ஓடும்போது தேடுவது, அந்தக் கணத்தின் தரவை வைத்தே கண்டுபிடிக்கக்கூடிய தோற்ற எல்லையை. நம்பத்தக்கது தொலைவில் அளக்கும் அலை. அதையும் ஒரே ஆரத்தில் அளந்து நிறுத்தாமல், பல ஆரங்களில் அளந்து முடிவிலிக்கு நீட்ட வேண்டும்.

ஒவ்வொரு நிறைக்கும் புதிதாக ஓட்ட வேண்டியதில்லை. வெற்றிடத்தில் இந்தச் சமன்பாடுகளுக்குச் சொந்த அளவுகோல் கிடையாது. நிறை விகிதமும் தற்சுழற்சிகளும்தான் முக்கியம். சிமுலேஷன் தரும் நேரத்தை, மொத்த நிறையில் 1 சூரிய நிறைக்குச் சுமார் 4.9 மைக்ரோவினாடி என்று பெருக்கினால் உண்மையான நேரம் வந்துவிடும். ஆனால் இங்கே சிவப்புப் பெயர்ச்சியை மறந்துவிடுகிறார்கள்: பிரபஞ்சம் விரிவதால் அலை நீண்டு, நிறை கூடுதலாகத் தெரியும். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ (LIGO) என்ற ஈர்ப்பலைக் கருவி பிடித்த அலையில் அது சுமார் 0.09. அந்த ஜோடியின் மொத்த நிறை 65 சூரிய நிறை. கருவியில் தெரிந்ததோ 70-க்கு மேல்.

அதே நிகழ்வு கணக்குச் சரிபார்க்கவும் உதவும். 36-உம் 29-உம் சேர்ந்து 62 ஆனது; மீதி 3 சூரிய நிறை அலையாகப் போனது. உங்கள் சிமுலேஷனிலும் தொடக்க நிறையிலிருந்து இறுதி நிறையைக் கழித்தால் வருவதும், அலையில் கூட்டிப் பெறும் ஆற்றலும் ஒத்துப்போக வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. 1970-இல் இயற்பியலாளர் விசுவேஸ்வரா கணினியில் கண்ட அடங்கும் அதிர்வின் அதிர்வெண்ணும் அடங்கும் வேகமும், இறுதிக் கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்தவை. அலையின் வாலிலிருந்து அவற்றைக் கணக்கிட்டு, தோற்ற எல்லையிலிருந்து கிடைத்தவற்றோடு ஒப்பிடுங்கள். இடித்தால், நான் முதலில் சந்தேகப்படுவது அளவெடுத்த ஆரத்தை.