டார்க் மூர் ஆல்பத்தைக் கடைசிப் பாட்டிலிருந்து கேளுங்கள்

சிம்போனிக் பவர் மெட்டலில், அதாவது வேகமான ஹெவி மெட்டல் ராக்கோடு ஆர்கெஸ்ட்ரா இசையும் கலந்த வகையில், எதை முதலில் கேட்கலாம் என்று யாராவது கேட்டால், மாட்ரிட்டைச் சேர்ந்த டார்க் மூர் குழு 2002-இல் வெளியிட்ட 'தி கேட்ஸ் ஆஃப் ஒப்ளிவியன்' ஆல்பத்தைத்தான் சொல்வேன். ஆனால் முதல் பாட்டிலிருந்து தொடங்க விடமாட்டேன். நான் அப்படித் தொடங்கி, மூன்றாவது பாட்டிலேயே களைத்துப்போய் நிறுத்தியவன். அதுவும் போன் ஸ்பீக்கரில்! தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருந்தது.

அதனால் முதலில் ஹெட்போன். இந்த வகை இசையில் டிரம்மர் இரண்டு கால்களாலும் மாறி மாறி பேஸ் டிரம்மை மிதித்துக்கொண்டே இருப்பார். சின்ன ஸ்பீக்கரில் அந்த அடியின் கனம் போய்விடும், 'டிக்டிக்' மட்டும்தான் மிஞ்சும்.

அப்புறம், ஆல்பத்தைத் தொடுவதற்கு முன்னால் மொசார்ட்டின் ரெக்வியத்தில் (இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை) வரும் 'டீஸ் ஈரே' பகுதியை இரண்டு மூன்று முறை கேளுங்கள். இரண்டு நிமிடம்தான். 1791-இல் அவர் இறந்தபோது முடியாமல் நின்றுபோன படைப்பு அது. கோரஸ், அதாவது சேர்ந்து பாடும் குழு, எடுத்த எடுப்பிலேயே பாய்வதை முணுமுணுக்கிற அளவுக்குப் பழகினால் போதும்.

இப்போது ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் போங்கள். அதன் பெயரும் 'டீஸ் ஈரே' தான், அடைப்புக்குறிக்குள் மொசார்ட்டின் நடுப்பெயரான 'அமடேயஸ்'. பத்து நிமிடத்துக்குக் குறையாது. தெரிந்த மெட்டு கிட்டார்களுக்கு நடுவிலிருந்து தலைகாட்டும்போது உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

இங்கே ஒரு வழி சொல்கிறேன். டிரம்ஸின் வேகத்தைத் துரத்தாதீர்கள். கீழே கால்கள் பறந்தாலும் மேலே குரல் நிதானமாக, நீளமான அடிகளில்தான் போகும். அந்தக் குரலுக்குத் தலையாட்டுங்கள். இது பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது. பிடிபட்ட பிறகு, இரைச்சல் என்று நான் ஒதுக்கியதெல்லாம் பாட்டாகிவிட்டது. இரண்டாம் முறை கோரஸை மட்டும், மூன்றாம் முறை கிட்டாரை மட்டும் கவனியுங்கள்.

பாடுவது எலிசா மார்ட்டின். ஓபரா பாணி உச்சக்குரலை எதிர்பார்க்காதீர்கள். அழுத்தமான, சற்றே கனத்த ராக் குரல். முதலில் ஆண் குரலோ என்றுகூட நினைத்தேன்.

அடுத்தது அதே ஆல்பத்தின் 'நெவர்மோர்' பாட்டு. எட்கர் ஆலன் போவின் 1845-ஆம் ஆண்டு 'தி ரேவன்' கவிதையை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டால் சுவை கூடும். பாடல்கள் ஆங்கிலத்தில்தான், பயப்பட வேண்டாம். மிச்சத்தை வரிசையாக, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு தவணையாகக் கேளுங்கள். உண்மையைச் சொன்னால், நடுவில் சில பல்லவிகள் ஒன்றுபோலவே இருக்கும். தாண்டினால் குற்றமில்லை.

ஸ்பானிஷிலேயே கேட்க ஆசையா? மாகோ தே ஓஸ் குழு தோன் கிஹோத்தே (ஆங்கிலத்தில் 'டான் குயிக்சாட்') கதையை வைத்து 1998-இல் செய்த ஆல்பத்தை எடுங்கள். அதில் வயலினும் நாட்டுப்புற வாசனையும் தூக்கல். டார்க் மூரிலேயே தொடர்வதென்றால் 2007-இல் வந்த 'டாரட்'. அதற்குள் எலிசா போய் ஆல்ஃபிரட் ரோமெரோ வந்துவிட்டார். அங்கேயும் கடைசிப் பாட்டிலிருந்துதான். அதில் பீத்தோவன் வருவார். எந்த இடத்தில் என்று நீங்களே கண்டுபிடியுங்கள், நான் சொல்ல மாட்டேன்.